பேன் ஆய்வாளர் வந்த வெள்ளிக்கிழமை

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையின் வாசலில் 'மருத்துவ அறை' என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் கருவி, ஒரு அலமாரி, நர்சக்கா. இந்த நான்கில் பேசத் தெரிந்தது நர்சக்கா ஒருவர்தான் என்றாலும், மற்ற மூன்றையும்விட அவருக்குக் கூடுதல் மதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. கட்டிலையாவது வருடத்துக்கு ஒரு முறை யாராவது வந்து சரிபார்த்துவிட்டுப் போவார்கள்.

பிள்ளைகளுக்கு அவர் நர்சக்கா, ஆசிரியர்களுக்கு சிஸ்டர். பதினாறு வருட அனுபவத்தில், படியிறங்கி வரும் காலடிச் சத்தத்தை வைத்தே எது நிஜ வயிற்றுவலி, எது கணக்குப் பரீட்சை வயிற்றுவலி என்று சொல்லிவிடுவார். இரண்டுக்கும் வெந்நீரும் பத்து நிமிடப் படுக்கையும்தான் மருந்து. இரண்டும் குணமாகிவிடும்.

இப்படி அவர் உண்டு, தன் வேலை உண்டு என்று இருந்தபோதுதான் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'குழந்தைக் கடத்தலைத் தடுப்பதில் பள்ளி நர்சுகளின் பங்கு' என்று மூன்று நாள் பயிற்சி. நம்மையும் ஒரு பொருட்டாக மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று நர்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

முதல் நாள் வரவேற்புரை. ஏழு பேர் வரவேற்றார்கள். இரண்டாம் நாள் புகைப்படம். உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால் என்று நிற்கவைத்து, அதிகாரி வந்ததும் அவர் குள்ளம் என்பது தெரிந்து, எல்லோரையும் கலைத்துவிட்டு மறுபடி நிற்கவைத்தார்கள். மூன்றாம் நாள் பதினொன்றே முக்காலிலிருந்து சாப்பாட்டு மணி வரை குழந்தைக் கடத்தல்.

பயிற்சி கொடுத்தவர் வட்டார விழிப்பு அலுவலர். திரையில் ஒரு படம் காட்டினார். கறுப்புக் கண்ணாடி, முரட்டு மீசை, தோளில் சாக்கு மூட்டை.

"இவன்தான் கடத்தல்காரன். இந்த மூணு அடையாளத்தையும் நல்லா மனசுல பதிய வச்சுக்கோங்க."

நர்சக்கா கையைத் தூக்கினார். "சார், கண்ணாடி, மூட்டை ஒண்ணும் இல்லாம, நான் சொந்தக்காரன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறவங்களை எப்படி சார் கண்டுபிடிக்கறது?"

"அருமையான கேள்வி!" என்றார் அலுவலர். "அது அடுத்த வருஷப் பயிற்சியில வருது. இந்த வருஷப் பாடத்திட்டம் சாக்கு மூட்டை வரைக்கும்தான்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு அலுவலர் குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டு நிறைவுரை ஆற்றினார்.

"சகோதரிகளே, நீங்கதான் எங்க கண்ணு. கண்ணோட வேலை என்ன? பார்க்கறது. கண்ணு பேசுமா? பேசாது. பேசக் கூடாது. பேசறதுக்கு வாய் இருக்கு. அந்த வாய் நாங்க. நீங்க பார்த்துக்கிட்டே இருங்க, நாங்க பேசிக்கிட்டே இருப்போம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வாசலில் ஆளுக்கொரு சின்னத்தைச் சட்டையில் குத்திவிட்டார்கள். பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கண். அசைந்தால் உள்ளே கருவிழி உருளும். நாற்பது நர்சுகள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தபோது நாற்பது கண்களும் நாற்பது பக்கம் பார்த்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பிலிருந்து கொட்டாவி வந்தாள். வகுப்பில் வைத்த பெயர் அது. முதல் பாடவேளையிலேயே வாயைப் பிளக்க ஆரம்பித்துவிடுவாள். தலைவலி என்று வந்தாள். காலடிச் சத்தம் நிஜ வலி என்றது. நர்சக்கா எடை பார்த்தார். பள்ளியில் சேர்ந்தபோது முப்பத்துநான்கு கிலோ. இப்போது இருபத்தொன்பது. விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது.

கட்டிலில் படுத்தபடி அந்தப் பெண் நர்சக்காவின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க கண்ணு கோணலா ஒட்டியிருக்கு."

"இதா? இது ஆபீஸ்ல குடுத்ததும்மா."

"இல்லக்கா, எங்க வீட்டுல ஒட்டினது. கண்ணு நேரா உக்காரலைன்னா சித்தப்பா மண்டையில குட்டுவாரு. இது எப்படியோ அவர் கண்ணுல படாம வந்துடுச்சு."

நர்சக்கா சின்னத்தைக் கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துவிட்டபடியே, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"சித்தப்பான்னா, அப்பாவோட தம்பியா?"

"தெரியலக்கா. எல்லாருக்கும் அவர் சித்தப்பாதான்."

"எல்லாருக்கும்னா?"

"நாங்க பதினோரு பேரு. விடிய விடிய ஒட்டுவோம். படிக்க வைக்கறேன்னு சொல்லித்தான் எங்க ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்தாரு. மூணு பேரத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாரு. கழுத்துல பள்ளிக்கூட அட்டை தொங்குச்சுன்னா பஸ்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம்." பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள். "வெள்ளிக்கிழமை என்னை வேற ஊருக்கு அனுப்பறாருக்கா. ஏதோ பெரிய வீடாம். முன்னாடி ரெண்டு அக்காங்க போனாங்க. போன்ல பேச வைக்கறேன்னாரு, வைக்கவே இல்ல."

சொல்லி முடித்த கையோடு தூங்கிப்போனாள். தலைக்கு மேலே இடைவேளைக்கு விட்ட பிள்ளைகள் படிகளில் தடதடவென்று ஓடினார்கள். அவள் அசையவில்லை.

நர்சக்கா தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினார். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். யாருக்காகவும் ஒரு சொல் சொல்லவும் மாட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. அப்புறம் ஏதோ நினைவுக்கு வந்து தெளிந்தது.

"ஏன் சிஸ்டர் பதறுறீங்க? அதுக்குத்தான் படிவம் இருக்கே!"

பீரோவைத் திறந்து விழிப்புப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு பக்கம். கடத்தல்காரரின் உயரம் என்ன? சாக்கு மூட்டையின் நிறம் என்ன? பழுப்பு, வெள்ளை, பிற என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூட்டையே இல்லை என்பவருக்குக் கட்டம் இல்லை. கடத்தல் நடந்த தேதி என்ன? இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றால், நடந்த பிறகு நிரப்பவும் என்று அடிக்குறிப்பு இருந்தது. ஒன்பதாவது பக்கத்தில் 'பாதுகாவலரின் ஒப்புதல் கையொப்பம்'.

"இந்தப் பொண்ணுக்கு யாரு பாதுகாவலர்?" என்றார் தலைமையாசிரியை.

"யார் மேல சந்தேகமோ அவருதான் மேடம்."

"அப்ப அவர்கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிடுங்களேன். மாட்டேன்னு சொன்னா, 'ஒத்துழைக்கவில்லை'ன்னு பத்தாம் பக்கத்துல குறிச்சுக்கலாம். விழிப்புக் குழு மாசக் கடைசித் திங்கள்கிழமை கூடும். இன்னும் இருபது நாள்தான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

"அவளை வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறாங்க மேடம்!"

"குழுவுல எல்லாரும் வேலையா இருக்கறவங்க சிஸ்டர். அவரை வேணும்னா கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிப் பாருங்க."

புதன்கிழமை நர்சக்கா உதவி எண்ணுக்கு அழைத்தார். நீங்கள் கடத்தப்பட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும் என்றது ஒரு இனிமையான குரல். நீங்கள் கடத்தியிருந்தால் இரண்டை அழுத்தவும். வாழ்த்துச் சொல்ல விரும்பினால் மூன்றை அழுத்தவும். நர்சக்கா மூன்றையும் அழுத்திப் பார்த்தார். மூன்றாவது மட்டும் உடனே கிடைத்தது. காவல் நிலையத்துக்குப் போனார். பள்ளிக்கூட விஷயமெல்லாம் விழிப்பு அலுவலகம் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லி, ஒப்பந்தம் போட்ட நாளில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். நல்ல படம்தான்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு விழிப்பு அலுவலரையே நேரில் பார்க்கப் போனார். அலுவலர் அன்பாக உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கேடயத்தைக் காட்டினார்.

"சிஸ்டர், போன வருஷம் நம்ம வட்டாரத்துல ஒரு கடத்தல்கூட நடக்கலை. எப்படின்னு தெரியுமா?"

"தெரியலையே சார்."

"ஒரு படிவம்கூட வரலை! படிவம் வந்தாத்தான் கடத்தல் நடந்ததா அர்த்தம். அதை முழுசா நிரப்பி முடிச்ச ஆளே இன்னும் பொறக்கலை. நானே ஒக்காந்து தயாரிச்ச படிவம்." அவர் முகத்தில் பெருமை பொங்கியது. "இப்ப நீங்க வந்து ஒண்ணு இருக்குன்னு சொன்னா, அந்தக் கேடயத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

நர்சக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், நீங்க குத்திவிட்ட சின்னம் இருக்கே, அதை ஒட்டினதே அந்தப் பிள்ளைங்கதான். விடிய விடிய உக்காந்து ஒட்டியிருக்காங்க."

அலுவலர் கேடயத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு அவர் கண் பளபளத்தது.

"பாருங்க சிஸ்டர்! நம்ம விழிப்புணர்வு அந்த வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு!"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை, மீசைகூட இல்லை. படிய வாரிய தலை, தேய்த்த சட்டை. அவ்வளவு மரியாதை தெரிந்த மனிதரை அந்தப் பள்ளிக்கூடம் கண்டதில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைமையாசிரியைக்கு வணக்கம் சொன்னார். குடும்பம் ஊர் மாறுவதால் மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினார். கொட்டாவி புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அன்றைக்கு அவளுக்குக் கொட்டாவியே வரவில்லை.

சான்றிதழில் ஆறு கையெழுத்து வேண்டும். ஐந்து ஆகிவிட்டது. ஆறாவது, எந்தத் தொற்றும் இல்லை என்று நர்ஸ் போடும் கையெழுத்து. அந்தப் பள்ளியில் நர்சக்காவின் கையெழுத்துக்கு வேலை இருந்த ஒரே இடம் அதுதான். கூப்பிட்டனுப்பினார்கள்.

நர்சக்கா வந்து சான்றிதழை வாங்கினார். 'தலைப்பேன் உள்ளிட்ட தொற்று ஏதும் இல்லை' என்று அச்சடித்திருந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சக்கா 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'பேன் உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

தலைமையாசிரியை படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயையோ! பேன் இருக்கா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால், கல்வித்துறையின் உச்சியில் இருந்த ஒருவர் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்துவைக்கப் போய், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, தலையில் பேனோடு வீடு திரும்பினார். அன்றைக்கு இயற்றிய சட்டத்தைப் போல ஒரு சட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் இயற்றவில்லை. பேன் என்று நர்ஸ் எழுதிவிட்டால் சிவப்பு மணி அடிக்க வேண்டும். பள்ளியின் வாயிற்கதவைப் பூட்ட வேண்டும். பிள்ளையும் பாதுகாவலரும் ஓரடி நகரக் கூடாது. இருபது நிமிடத்துக்குள் ஆய்வாளர் வந்தாக வேண்டும். பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் படுக்கும் ஒவ்வொரு தலையையும், அதன் பெயர், தாய் தகப்பன் பெயரோடு எழுதி, அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சோதிக்க வேண்டும். ஒரு தலையை மறைத்தாலும் காவலர் துணையோடு கதவை உடைக்கலாம்.

சிவப்பு மணி அடித்தது. சித்தப்பா சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனார். பூட்டியிருந்தது. "ஒரு பேனுக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்று சிரித்தபடியே திரும்பி வந்தார்.

பதினெட்டாவது நிமிடத்தில் ஜீப் வந்தது. பேன் ஆய்வாளர் இறங்கினார். கழுத்தில் பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் நான்கு அளவுகளில் பேன் சீப்பு. சிரிப்பு என்பது என்னவென்றே தெரியாத முகம். கொட்டாவியின் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தலையில ஒண்ணும் இல்லையே," என்றார்.

"பார்த்தீங்களா!" என்று சித்தப்பா செருப்பைத் தேடினார்.

"நில்லுங்க." ஆய்வாளர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். "தலையில இல்லைன்னா பேனே இல்லைன்னு அர்த்தமில்ல. முப்பது வருஷமா பார்க்கறேன், ஒளியறதுல அதை அடிச்சுக்க ஆளே கிடையாது. வீட்டுல இருக்கும். வீட்டுல மொத்தம் எத்தனை தலை?"

"ரெண்டுதாங்க. நான், என் அண்ணன் பொண்ணு."

"பன்னெண்டு," என்றாள் கொட்டாவி. அவள் குரல் அந்த அறையில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டது. "அவரையும் சேர்த்து."

ஆய்வாளர் சித்தப்பாவை ஏறஇறங்கப் பார்த்தார். அவர் அப்படியொரு அக்கிரமத்தைக் கேள்விப்பட்டதே இல்லை.

"பத்துத் தலையை மறைச்சிருக்கீங்க! பேர் சொல்லுங்க. ஒண்ணொண்ணா. தாய் தகப்பன் பேரோட."

சித்தப்பா மூன்று பெயர் சொன்னார். நாலாவதற்குத் திணறினார். தகப்பன் பெயர் ஒன்றுகூட வரவில்லை. தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தகப்பன் பேரே தெரியாத பிள்ளைங்களோட பேனுக்கு யாருய்யா பொறுப்பு?" என்று ஆய்வாளர் மேசையை அறைந்தார். "வண்டியில ஏறு!"

புகார் எழுதிய நர்சும் கூடப் போக வேண்டும் என்பது சட்டம். பள்ளிப் பதிவேட்டில் இருந்த முகவரியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. நர்சக்காவின் மடியில் உட்கார்ந்து கொட்டாவிதான் வழி சொன்னாள். இடது பக்கம், மறுபடி இடது பக்கம், சுவரோரச் சந்து, வெளியே பூட்டுப் போட்ட ஒரு கிடங்கு. வழியில் ஏற்றிக்கொண்டு வந்த காவலர் பூட்டை உடைத்தார். ஒரு பல்புக்குக் கீழே, மலைபோலக் குவிந்த பிளாஸ்டிக் கண்களைச் சுற்றி, பள்ளிக்கூடம் போகும் மூன்று பேர் போக மீதி எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்த பிறகும் அவர்கள் ஒட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். அவர் சீப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, நர்சக்காவின் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"சிஸ்டர், பேன் இருக்குன்னு நீங்க எழுதினது..."

"ஆமாங்க."

"சரி," என்றார். அப்புறம் காவலரைப் பார்த்து, "இந்தாளை விட்டுடாதீங்க. இது பேன் விஷயம் இல்ல," என்றார். ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தப்பாவின் போனை வைத்து, முன்னால் போன இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கண்டுபிடித்தார்கள். இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொட்டாவியின் அம்மா வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தலைமையாசிரியைகூட ஒரு சொல் சொன்னார். "அடடா" என்று.

மூன்று வாரம் கழித்துப் பாராட்டு விழா. வரவேற்றவர்கள் ஒன்பது பேர். விழிப்பு அலுவலர் மேடையேறினார்.

"கண்கள் பார்த்தன, வாய் பேசியது, பிள்ளைகள் மீண்டார்கள்! இந்த வெற்றிக்குக் காரணம் நமது படிவம். அதை ஒருவராலும் நிரப்ப முடியவில்லை என்பதால்தான் வேறு வழிகள் தாமாகவே திறந்தன. ஒரே ஒரு வருத்தம். அடுத்த வருடத்துக்கான கண் சின்னம் வந்துசேரச் சற்றுத் தாமதமாகும். தயாரிப்பாளருக்கு எதிர்பாராத சிக்கல்."

படிவத்தைத் தயாரித்தவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவரே கொடுத்து அவரே வாங்கிக்கொண்டார். கடைசி வரிசையில் இருந்த நர்சக்காவும் கைதட்டினார். பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

விழா முடிந்து அறைக்குத் திரும்பினால், மேசையில் ஒரு குறிப்பாணை இருந்தது. பேன் இல்லாத தலையில் பேன் இருப்பதாக எழுதி அரசு ஜீப்பை அலையவிட்டது ஏன்? சம்பந்தப்பட்ட பேனை மூன்று நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால், இனிமேல் கண்ணால் காணாத பேனை எழுதுவதில்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் வேலை போகும்.

நர்சக்கா பேனுக்கு எங்கே போவார்? வீட்டில் இவர் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு உறுதிமொழியை எழுதத் தொடங்கினார். 'இனிமேல் நான்' என்று எழுதியபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது.

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்குப் புதிது. மழமழவென்று மொட்டையடித்த தலை. ஒரு முடிகூட இல்லை.

"நர்சக்கா, எனக்குப் பேன் இருக்கு."

"பேனா? யாரும்மா உனக்குச் சொன்னது?"

"கொட்டாவி அக்காதான், ஊருக்குப் போறப்ப சொல்லுச்சு. வீட்டு விஷயத்தை யார்கிட்டயும் சொல்ல முடியலைன்னா, நர்சக்காகிட்ட போயி பேன் இருக்குன்னு சொல்லு, ஜீப் வரும்னு."

நர்சக்கா எழுந்து கதவைச் சாத்தினார். அந்தச் சிறுமியைக் கட்டிலில் தூக்கி உட்காரவைத்து, வெளிச்சத்தில் அந்த மொட்டைத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒரு நிமிடம் கவனமாகப் பார்த்தார்.

"ஆமாம்மா, நிறைய இருக்கு," என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பேன் படிவத்தை எடுத்தார்.